வேலைக்கு வரச் சொன்ன வியாழக்கிழமை

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பிள்ளை ஒரு வருடம் வாடகைக்கு இருந்தாள். சொந்த ஊர் உடுப்பிட்டி. பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம், கம்பனி நடத்துகிற படிப்பு, படிக்கிறவள். அந்த வருடம் அவளுக்கு வகுப்பு இல்லை, ஒரு கம்பனியில் போய் வேலை பழக வேண்டுமாம். உடுப்பிட்டியிலிருந்து நாளும் வந்து போவது கரைச்சல் என்று தகப்பன் கோப்பாயில் என்னிடம் கொண்டுவந்து விட்டார். என் பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில். வீட்டில் நானும் இரண்டு கோழிகளும்தான்.

என்ன வேலை என்று கேட்டதற்கு மனிதவளம் என்றாள். தலையாட்டினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், விளங்காததற்குத் தலையாட்டிப் பழகிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் அது என்ன என்று திரும்பக் கேட்டேன். வேலைக்கு ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, ஆளுக்கு ஆள் கோபம் என்றால் கூப்பிட்டு வைத்துக் கதைப்பது என்று சொன்னாள். எங்கள் பக்கத்துக் கலியாண வீடுகளில் பெரிய மாமா ஒருவர் சம்பளம் இல்லாமல் செய்கிற வேலைதானே இது என்று நினைத்தேன். சொல்லவில்லை. நினைப்பதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள குணம். தபால்காரர் கையெழுத்துக் கேட்டால்கூட எனக்கு வேர்க்கும்.

அது சட்டை தைக்கிற கம்பனி. பஸ்ஸில் இருபது நிமிடம். பின்னேரம் வந்ததும் நான் சமைக்கச் சமைக்கக் குசினி வாசலில் குந்திக்கொண்டு அன்றைய கதை முழுக்கச் சொல்வாள். விரலை வைத்தால் வரவு பதியும் மெசின் ஒன்று அங்கே இருக்கிறதாம். வெங்காயத் தோட்டத்தில் நின்று வேலை செய்த பெண்களின் விரலில் ரேகை தேய்ந்துபோய், மெசின் அவர்களை யாரென்றே தெரியாது என்கிறதாம். இவள் ஒவ்வொரு காலையும் ஈரத்துணியோடு நின்று அவர்களுடைய விரலைத் துடைத்துவிடுவாளாம். லீவுப் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் எல்லாரும் ஒரே மாதிரி ‘சொந்த அலுவல்’ என்றே எழுதுகிறார்கள் என்று சிரிப்பாள். மனேச்சரும் அப்படித்தானாம்.

நேர்முகத்தேர்வு வைக்கப் பழக வேண்டும் என்று ஒரு நாள் என்னைக் கதிரையில் இருத்தினாள்.

“உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ.”

“என்னத்தைச் சொல்ல? இருக்கிறன்.”

“உங்கடை பலவீனம் என்ன?”

“முழங்கால்.”

அவள் சிரித்துச் சிரித்துக் கொப்பியைக் கீழே போட்டுவிட்டாள். பிறகும் விடவில்லை. கிழமைக்கு ஒரு முறையாவது நான் அந்தக் கதிரையில் இருந்து வேலை கேட்க வேண்டியிருந்தது. ஒரு தடவையும் எனக்கு வேலை கிடைக்கவில்லை.

வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது கம்பனியில் புதிதாக ஒரு பகுதி திறக்க ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முப்பது பெண்கள் வேண்டும். ஆட்களைத் தேடுவது, தெரிந்தெடுப்பது, முதல் நாள் வரச் செய்வது எல்லாவற்றையும் மனேச்சர் இவளிடமே விட்டுவிட்டார். அதைப் பார்த்துத்தான் அவளுடைய பயிற்சிப் புத்தகத்தை நிரப்புவேன் என்றும் சொல்லிவிட்டார். அவர் சரியாக எழுதாவிட்டால் பல்கலைக்கழகம் அந்த வருடத்தைக் கணக்கில் எடுக்காது, திரும்பவும் ஒரு வருடம் எங்கேயாவது பழக வேண்டும். தகப்பனுக்கு அதைச் சொல்லவே பயந்தாள்.

முப்பது பேரையும் தெரிந்தெடுத்துவிட்டாள். வேலைக்கு வரச் சொல்லும் கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேசையில் இருந்து அவள் மடித்தாள், நான் உறையில் போட்டுப் பசை பூசினேன். முதல் கடிதத்தைப் படித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு வரவும் என்று திகதி போட்டிருந்தது. நிமிர்ந்து சுவரில் கலண்டரைப் பார்த்தேன். அன்றைக்கு ஆடி அமாவாசை.

தகப்பன் இல்லாதவர்கள் விரதம் இருக்கும் நாள் அது. விடியவே கீரிமலைக்குப் போய்க் கடலில் குளித்து, கேணியில் முழுகி, பிதிர்க்கடன் செய்வோர் செய்வார்கள். மற்ற வீடுகளில் மத்தியானம் படையல். அன்றைக்கு எங்கள் ஆட்கள் புது வேலையில் கால் வைப்பார்களா? ஆனால் இந்தப் பிள்ளை மூன்று தலைமுறையாக வேதக்காரக் குடும்பம், ஞாயிறு தேவாலயம் போகிறவர்கள். அயல் வீட்டில் விரதம் என்று தெரியும், எந்தத் திகதி என்று தெரியாது. கம்பனிக் கலண்டரில் சிவப்பெழுத்து இல்லாத நாளாகப் பார்த்துப் போட்டிருக்கிறாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. படித்த பிள்ளைகள், பெரிய கம்பனி, அடியில் மனேச்சரின் கையெழுத்தும் இருக்கிறது, யோசிக்காமலா செய்திருப்பார்கள் என்று நினைத்தேன். பசையைப் பூசினேன். முப்பதையும் ஒட்டினேன்.

பிறகு ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்தும் கேட்டாள். முப்பது பேரும் ஓம், வாறம் என்றார்களாம். அவள் சந்தோசமாக வந்து சொன்னபோது எனக்கும் ஒரு நிம்மதி. காலம் மாறிவிட்டதாக்கும் என்று விட்டுவிட்டேன்.

வியாழன் விடிய எழும்பி முழுகி, அடுப்பு மூட்டினேன். அந்த விரதத்துக்கென்றே எங்கள் பக்கத்தில் சமைக்கும் காத்தோட்டிக்காயை முதல் நாளே சந்தையில் வாங்கி வைத்திருந்தேன். நல்ல கைப்பு. அவள் சேலை உடுத்து, கைப்பையோடு குசினியை எட்டிப் பார்த்து, இவ்வளவு சட்டி பானை ஏன் என்று கேட்டாள். அப்பாவின் விரதம் என்றேன். உங்கள் அப்பா செத்த நாளா என்றாள். இல்லை, எல்லாருடைய அப்பாமாருக்கும்தான் என்று தொடங்கினேன். பஸ் கோர்ன் அடித்தது. ஓடிவிட்டாள். அகப்பையோடு வாசல் படலை வரை போனேன், பஸ்ஸின் புகைதான் மிச்சம்.

எட்டரைக்குத் தொலைபேசி வந்தது.

“அன்ரி, நாலு பேர்தான் வந்திருக்கினம்.” சொல்லிக்கொண்டே போனாள். “நான் ஏதும் பிழையாக் கதைச்சுப்போட்டனோ? புதுப் பகுதி மெசின் எல்லாம் சும்மா கிடக்குது. மனேச்சர் பன்னிரண்டு மணிக்கு வாறாராம்.”

வந்த நாலு பேரும் யார் என்று கேட்டேன். நாலும் வேதக்காரப் பிள்ளைகள். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

“பிள்ளை, இண்டைக்கு ஆடி அமாவாசை. விரதக்காரர் வரமாட்டினம்.”



“கடிதம் ஒட்டேக்கை உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அடுப்பை அணைத்தேன். தனியாக ஒரு அலுவலகத்துக்குள் நான் போனதே இல்லை, அரிசி சீனி வாங்கும் சங்கக்கடையைத் தவிர. சேலையை மாற்றி, சந்தியில் ஓட்டோ பிடித்து, கம்பனி பெயரைச் சொன்னேன். வாசலில் நின்ற காவலாளி என்ன அலுவல் என்று கேட்டான். சொந்த அலுவல் என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

உள்ளே அவள் என்னைக் கண்டதும் எழும்பினாள், பிறகு இருந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. விரதம் என்று தெரிந்ததாலா, கோபத்தாலா தெரியாது. மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்தேன். வேலை கேட்டு வருகிறவர்கள் இருக்கிற கதிரை. வெளியே யாரோ வருகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது.

பன்னிரண்டு மணி ஆகுமுன்னரே மனேச்சர் வந்தார். வந்தவரைப் பார்த்ததும் எனக்குப் பயம் பாதி போய்விட்டது. தலைமயிர் இன்னும் காயவில்லை. நெற்றி நிறைய விபூதி, நடுவில் சந்தனம். செருப்பில் கடல் மண்.

சும்மா கிடந்த மெசின்களைப் பார்த்துவிட்டு நேரே அவளிடம் வந்தார்.

“எங்கை பிள்ளை ஆக்கள்?”

அவள் கடிதப் பிரதிகளை எடுத்து மேசையில் போட்டாள். நான் எழும்பினேன்.

“ஐயா கீரிமலையாலையோ வாறியள்?”

அவர் என்னைப் பார்த்தார். ஓம் என்றார். பிறகு, நீங்கள் யார் என்றார்.

“பிள்ளை இருக்கிற வீட்டுக்காரி. அந்த ஆக்களும் அங்கைதான் ஐயா. இல்லாட்டி வீட்டிலை படைக்கினம். பிள்ளைக்கு நாள் தெரியாது, வேதக்காரப் பிள்ளை. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான்தான் கடிதத்தை ஒட்டினனான்.”

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் வெளி ஆள் ஒருவரிடம் அவ்வளவு நீளமாகக் கதைத்தது அன்றைக்குத்தான்.

மனேச்சர் நெற்றியைத் தடவினார். கையில் ஒட்டிய விபூதியைப் பார்த்தார். மேசையில் கிடந்த கடிதப் பிரதி ஒன்றை எடுத்து, அடியில் தன் கையெழுத்தைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

“நானும் வாசியாமல்தான் வைச்சிருக்கிறன்” என்றார் மெதுவாக. பிறகு குரலை மாற்றி, நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் புத்தகத்தை எழுதுவோம், அதற்கு மேல் எதுவும் இப்போது சொல்ல மாட்டேன் என்றார். என்னைப் பார்த்து, விரதத்தோடு வெயிலில் நிற்காமல் வீட்டுக்குப் போங்கள் என்றார்.

அன்று படையல் நாலு மணிக்குத்தான். அவள் பின்னேரம் வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வராத இருபத்தாறு பேருக்கும் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு என் தொலைபேசி அடித்தது. எடுத்தால் வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை.

“பதினொண்டு. பன்ரண்டு. ஒரு மினிபஸ் வந்து நிக்குது, பொறுங்கோ... பத்தொன்பது.”

கம்பனி வாசலில் நின்று எண்ணுகிறாள். நான் அசையாமல் நின்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, போகட்டும் என்று விட்டேன். இருபத்தெட்டுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஏழரைக்கு மணி அடிப்பது தொலைபேசியிலேயே கேட்டது.

“சைக்கிளிலை ரெண்டு பேர்” என்றாள். “டபிள்ஸ். முப்பது.”

முதல் நாள் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, வெள்ளி நல்ல நாள், கடிதத்தில் திகதி பிழைத்திருக்கும், இன்றைக்குத்தான் வரச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தோம் என்று அரைவாசிப் பேர் சொன்னார்களாம். மற்றவர்கள், போனில் மாட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடும் என்று ஓம் சொன்னார்களாம்.

பின்னேரம் பயிற்சிப் புத்தகத்தை விரித்தபடியே வந்தாள். மனேச்சர் இங்கிலீசில் எழுதியிருந்தார். எல்லாம் நல்லாய்த்தான் எழுதியிருக்கிறார், வருடம் சரி என்று சொன்னாள். அப்பாவிடமும் பஸ்ஸில் இருந்தே போனில் சொல்லிவிட்டாளாம்.

பிறகுதான் என்னை ஏசத் தொடங்கினாள். தெரிந்துகொண்டு எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பீர்கள், முப்பது உறை, ஒன்றிலாவது கை நிற்கவில்லையா, உங்களுக்கு நான் யார் என்று அரை மணித்தியாலம் ஏசினாள். அவ்வளவு நேரம் என்னை யாரும் ஏசியதில்லை, என் பிள்ளைகள்கூட. நான் அவளுக்குச் சோறு போட்டேன். அவள் ஏசிக்கொண்டே சாப்பிட்டாள், இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.