திருநாளுக்கு மறுநாள் கடைக்குப் போகிறவள்

டாக்டர் கைவிட்ட காய்ச்சலை நான்கு வயதில் என் தங்கை மாதேஸ்வரி ஜெயித்தாள். படிக்காதவர்களுக்கு வேலை இல்லை என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிய கம்பெனியில், பிறகு பத்து வருடத்துக்கு மேல் துப்புரவு வேலை பார்த்தாள். திருப்பூர் போய் வருகிறேன் என்று கிளம்பிய அவள் வீட்டுக்காரர் மணிவேல் வேறு குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார். அதன் பிறகும் ஓசூர் பக்கம் மூக்கண்டப்பள்ளியில் அதே ஒற்றை அறையில் யார் துணையும் இல்லாமல் இருந்து காட்டினாள். கன்னடமும் தெலுங்கும் யாரும் சொல்லித்தராமல் பேசினாள். கடைசியாக அவள் ஜெயித்தது ஒரு ஆட்டோ நிறைய பச்சைச் சேலைகளை. அதை மட்டும் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

அவள் இருக்கும் லைன் வீடுகளில் எல்லாம் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். மதுரை, திண்டுக்கல், திருச்சி என்று சொந்த ஊர் வேறு. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே பை தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். போகும்போது சாவியை இவளிடம் கொடுப்பார்கள். "அக்கா, கொஞ்சம் பாத்துக்கங்க. நீங்க எங்கயும் போகலைல்ல?" என்பார்கள். தீபாவளியன்று அந்த வரிசையில் இவள் வீட்டு விளக்கு மட்டும் எரியும். எங்கள் காவேரிப்பட்டணம் வீட்டுக்கு வா என்று ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவேன். "இத்தனை வீட்டுச் சாவிய வெச்சிக்கிட்டு எப்படிணா வர்றது?" என்பாள்.

எல்லோரும் திரும்பி வருவதற்குள், தீபாவளிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, ஓசூர் பஜாருக்குப் போய்விடுவாள். விற்காமல் நின்றதையெல்லாம் கடைக்காரர்கள் அன்றுதான் வெளியில் கொட்டுவார்கள். குவியலின் மேலே இருப்பதை அவள் தொடமாட்டாள். அது ஆளை இழுக்கப் போட்டது. கையை அடிவரை விட்டு ஒன்றை உருவுவாள். மடிப்புக் கோட்டில் சாயம் வெளுத்திருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். முந்தானையை முகர்ந்து பார்ப்பாள். ஜாக்கெட் துணி வெட்டப்பட்டிருந்தால் அதைச் சொல்லியே இன்னும் குறைப்பாள். அப்படி வாங்கியதைப் பொங்கலுக்கு முன்பு கம்பெனிப் பெண்களிடம் விற்பாள். கர்நாடகா பக்கம் அட்டிபெலெயில் வரமகாலட்சுமி நோன்பு பெரிது. அதற்கு மறுநாள் அங்கேயும் போவாள்.

"முந்தியே போய் நல்லதா ஒண்ணு எடுத்துக் கட்டலாம்ல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முந்தி போனா எல்லாம் குடும்பத்தோட வந்து நிப்பாங்கணா. 'இது அம்மாவுக்கு, இது பாப்பாவுக்கு'ன்னு ஒரே சத்தம். மறுநாள் போனா எல்லாருமே என்னாட்டம் ஒத்தையாத்தான் வருவாங்க" என்றாள்.

2023 தீபாவளிக்கு முன்பு, அண்ணன் தம்பி உள்ளவர்கள் உடன்பிறந்தவளுக்குப் பச்சைச் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு பேச்சு கிளம்பியது. செல்போனுக்குச் செல்போன் பரவியது. நானும் ஒன்று எடுத்து அனுப்பினேன். கடைகளில் பச்சையாக இறக்கினார்கள். பண்டிகை முடிந்ததும் பேச்சும் முடிந்தது. அந்த வருடம் பஜாரில் கொட்டிக் கிடந்ததில் பாதி பச்சை.

அதே மாதம் கம்பெனியில் புது கான்டிராக்டர் வந்து, வயதான பெண்களை, இவளையும் சேர்த்து, வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். இனி சேலை வியாபாரம்தான் சோறு என்று மாதேஸ்வரி முடிவு செய்தாள். பொங்கலுக்கு அந்தப் பேச்சு மறுபடி கிளம்பும் என்று நம்பி, கையில் இருந்த எல்லாவற்றையும் போட்டு ஆட்டோ நிறைய பச்சைச் சேலை வாங்கிவிட்டாள்.

பொங்கலுக்கு ஒன்று கூடப் போகவில்லை. பேச்சைக் கேட்டவர்கள் எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே ஒரு பச்சை இருந்தது.

"எங்கண்ணன் எடுத்துக் குடுத்ததே பொட்டில கெடக்குதுக்கா. இன்னொரு பச்சை கட்டிக்கிட்டு நான் என்ன கிளியா?" என்று பக்கத்து அறை சத்யப்ரியா சிரித்தாளாம். அதைச் சொல்லும்போது இவளும் சிரித்தாள். "நீ குடுத்தது ஒண்ணு, நானே வாங்கிக்கிட்டது ஒரு வண்டி. ஊர்லயே உன் தங்கச்சிக்குத்தான்ணா நெறைய பச்சை."

சித்திரையில் நான் போனபோது கட்டில் மேல், கட்டிலுக்கு அடியில், சாமி படத்துக்குக் கீழே எல்லாம் மூட்டை. அவள் வாசல் பக்கம் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தாள். வாடகை கொடுக்கக் கம்மலைக் கழற்றியிருந்தாள். அறையைக் காலி செய்துவிட்டு என்னோடு வா என்றேன்.

"வந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா வந்துட்டன்னா திரும்ப இங்க வர முடியாதுணா. ஆடி வரைக்கும் விடு" என்றாள். விற்காவிட்டால் ஆடி முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த மாதங்களில் அவளிடம் பேச ஆள் இல்லை. பகலில் எல்லோரும் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். நான் போன் செய்தால் எடுத்தவுடன் "என்ன சமையல்?" என்பாள், வைக்க மனம் வராமல் அதையே வேறு மாதிரி கேட்பாள்.

ஆடி முடிவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவளே கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"அண்ணா, இத்தனை வருசமா அட்டிபெலெ போறன். நோன்புக்கு மறுநாள் கொட்டற குவியல்ல செகப்பு பாத்திருக்கன், ஊதா பாத்திருக்கன், மஞ்சள் பாத்திருக்கன். ஒரு தடவை கூட பச்சை பாத்ததில்ல."

"அதுக்கு?"

"மிஞ்சலன்னா என்னா அர்த்தம்? முந்தின நாளே வித்துப்போவுது!"

பாகலூரிலிருந்து அட்டிபெலெக்குப் பூ கொண்டுபோகும் நாகம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "அதுகூட தெரியாதா உனக்கு? கலசத்துக்கு லட்சுமி மாதிரி கட்டறதுக்குப் பச்சைதானே எல்லாரும் தேடுவாங்க. மறுநாளே வந்து குப்பையக் கிளறினா எப்படித் தெரியும்!" என்று திட்டிவிட்டு, தன் பூக்கூடைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறாள்.

அப்படித்தான் என் தங்கை முதல்முறையாக ஒரு பண்டிகைக்கு முன்னால் கடைத்தெருவுக்குப் போனாள். நான் மூட்டை தூக்கக் கூடப் போனேன். "எஷ்டம்மா? எஷ்டு?" என்று விலை கேட்டுப் பெண்கள் குனிந்துகொண்டே இருந்தார்கள். அம்மாவும் மகளும், மாமியாரும் மருமகளும், அக்காவும் தங்கையும். ஒவ்வொரு சேலையையும் விரித்து அவர்கள் தோளில் போட்டுக் காட்டி, "லட்சுமி தர இதீரா", லட்சுமி மாதிரியே இருக்கிறீர்கள், என்று இவள் சொன்னாள். நோன்புக்கு முந்தின நாள் மத்தியானத்துக்குள் மூட்டை காலி. எல்லோரும் பூவும் பழமுமாக வீடு திரும்பினார்கள். இவள் காலிச் சாக்குகளை மடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அந்தக் கும்பல் போவதைப் பார்த்தபடி நின்றாள். நாகம்மா ஒரு முழம் பூ கொடுத்தாள். வைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்கு வரவில்லை. மூக்கண்டப்பள்ளி பஸ் ஸ்டாப் அருகே பூபதி என்பவருக்குச் சொந்தமான ஒரு ஷட்டர் கடையை வாடகைக்குப் பேசினாள். சாட்சிக்கு என்னை வரச் சொன்னாள். பூபதி பத்திரத்தை விரித்துவிட்டு மைப்பெட்டியைத் திறந்தார். ரேஷன் கடை முதல் சம்பளப் பட்டியல் வரை அவள் பெருவிரல்தான் வைப்பாள் என்று அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

"விரலைக் குடும்மா. வீட்டுக்காரர் பேர் என்ன, அதையும் போட்டுக்கலாம்."

"பேனா குடுங்க சார். எம் பேர் மட்டும் போதும்."

நான் அவளைப் பார்த்தேன். விற்காத சேலைகளுக்குள் இருந்த அட்டைகளில், பேச ஆளில்லாத பகல்களில், ரேஷன் கார்டில் உள்ள பெயரைப் பார்த்துத் தானே எழுதி எழுதிப் பழகியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. என்னிடம் கூடச் சொல்லவில்லை. நேரம் எடுத்துக்கொண்டு, கோட்டை விட்டு இறங்காமல், முழுப்பெயரையும் எழுதினாள். கீழே தேதியையும் அவளே போட்டாள்: 6.9.2024.