ஈரம் காயாத அடைப்பு

குன்றாண்டார்கோவில் பக்கத்துச் சத்திரத்தைப் பழுதுபார்த்தது 1957இல். ஆவணி என்று சொல்பவர்கள் உண்டு. ஆவணியில் சுண்ணாம்பு நீற்றினோம்; சுவரில் கை வைத்தது புரட்டாசியில்தான். மருந்தகமாக மாற்றப்போகும் கட்டடம். வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, பழைய கட்டடங்களில் எனக்கு இருந்த பித்தை அறிந்து, என்னிடம் வந்தது.

பின்னறைச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு திறப்பு இருந்தது. அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவு இருட்டு. உள்ளே போக வேறு வழி கிடையாது. விளக்கை நீட்டிப் பார்த்தேன். காய்ந்த மணல், அவ்வளவுதான். அதை அடைத்துவிடச் சொல்லி உத்தரவு.

கொத்தனார் சாந்து பூசும் கரணையைக் கீழே வைத்துவிட்டார். "எங்க வீட்டுல நெறமாசம்ங்க. முன்னாடி ரெண்டு தங்கல. இந்த நேரத்துல நான் எந்த வாயையும் அடைக்கக் கூடாது."

கலவை சுமந்த சித்தாள் பெண் சிரித்தாள். "ஏண்ணே, அண்ணி வாயத்தான் அடைக்க முடியல. சுவத்து வாயையாவது அடைக்கலாம்ல?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. நானே அடைக்கிறேன் என்றேன். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்தை அவள் எடுத்துத் தர, கோணல்மாணலாகச் செங்கல் அடுக்கி மூடினேன். கொத்தனார் அறைக்குள்ளேயே வரவில்லை.

அதே சாந்தில் அன்று பூசிய பக்கத்துச் சுவர் சில நாட்களில் நகம் இறங்காமல் இறுகிவிட்டது. என் அடைப்பில் மட்டும் விரல் இறங்கியது. சுண்ணாம்பு இறுகும்வரை தண்ணீர் தெளித்து வர வேண்டும். அதிகமாகத் தெளித்துவிட்டேன் என்று எண்ணி நிறுத்தினேன். மறுநாள் தொட்டால் முன்னைவிட ஈரம். கை சில்லென்று ஆனது. மழை இன்னும் தொடங்கவில்லை. கூரையில் ஒழுக்கு இல்லை.

கொத்தனார் வேலைக்கு வருவது நின்றது. பிறகு ஒரு நாள் உச்சி வெயிலில் ஓடி வந்தார்.

"வலி கண்டு நேத்துலேருந்து புள்ள எறங்கலங்க. வீட்டுல பெட்டி, பூட்டு, அடுக்குப் பானை அம்புட்டையும் தொறந்து வச்சாச்சு. இங்கிட்டு ஒண்ணுதான் அடைச்சுக் கெடக்கு. தொறந்துருங்கய்யா."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

"வண்டி கட்டியாச்சு. கீரனூர் போறோம். நீங்க தொறங்க."

அவர் திரும்பி ஓடினார். நானும் சித்தாளும் பின்னறைக்குப் போனோம். கடப்பாரை தேவைப்படவில்லை. முதல் கல் கையோடு வந்தது. உள்ளிருந்து வந்த காற்றில் ஈரச் சுண்ணாம்பின் வாசனை. கற்களை ஒவ்வொன்றாக அவளிடம் கொடுத்தேன். அவள் ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"நீங்க இங்கிட்டு நின்னுதானேங்க அடைச்சீங்க?"

"ஆமா."

"அப்ப அங்கிட்டு இழைச்சது யாரு?"

வெளியே நின்று கல் அடுக்கினால் மறுபுறம் சாந்து பிதுங்கித் தொங்கும். இந்தக் கற்களில் அது இல்லை. உட்பக்கம் கரணை போட்டு வழுவழுப்பாக இழைத்திருந்தது. என் வேலையைவிடச் சுத்தமான வேலை. விளக்கை உள்ளே நீட்டினேன். மணல் காய்ந்துதான் கிடந்தது. கால் தடம் இல்லை. அவள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு, வெளியே போய்க் கை கழுவினாள்.

வண்டி கீரனூரைத் தொடுவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாய்க்கும் சேதமில்லை. பிறந்த நேரத்தையும் நாங்கள் கல்லைப் பிடுங்கிய நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வழி இருந்தது. எல்லாவற்றுக்கும் நாள் நேரம் கேட்கும் நான் அதைக் கேட்கவில்லை.

கொத்தனார் திரும்பி வந்ததும், திறப்பை அப்படியே விட்டு அதன் ஓரங்களை மட்டும் பூசிக் கொடுத்தார். சித்தாள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"இதுக்கும் தண்ணி தெளிக்கச் சொல்லணுமே," என்றேன்.

அவர் கரணையைத் துடைத்துக்கொண்டே, உள்ளே பார்க்காமல், "வேணாங்க. அது தானா நனைஞ்சுக்கிரும்," என்றார்.