அக்காவின் மார்க் அட்டை

காசர்வாடியில் இன்று எனக்குச் சொந்தமாக மூன்று ஒர்க்‌ஷாப். நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான். ஆனால் இன்ஜினியர் பையன்கள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து, "அங்கிள், இது லேத்தில் வருமா?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். யார் தயவும் இல்லாமல் மேலே வந்தவன் நான். இதைக் கல்யாண வீட்டிலும் சொல்லியிருக்கிறேன், சாவு வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஒரு மதியத்தை மட்டும் விட்டுவிடுவேன்.

எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் சிப்பாயாக இருந்த அப்பா போனார். எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினொன்று. வேலூர்ப் பக்கத்து ஆட்கள் நாங்கள். வடக்கே கிர்க்கியில், வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை பார்த்த மாமா வீட்டின் பின்னறையில் இருந்தோம். அம்மா அக்கம்பக்கத்துத் தமிழ் ஆட்களுக்கு இட்லி ஊற்றி விற்றாள். காய்கறி விலைக்கு மேல் அவளுக்கு இந்தி வராது. யார் வந்து பேசினாலும் நான்தான் தமிழில் மாற்றிச் சொல்வேன். அக்காவுக்கு என்னைவிட நன்றாக இந்தி வரும். ஆனால் வெளியாள் முன்னால் ஆம்பளைப் பிள்ளை பேசட்டும் என்பாள் அம்மா. எனக்கு அதில் ஏகப் பெருமை.

சண்டையில் செத்த சிப்பாய்களின் பிள்ளைகளுக்கென்று பட்டாளத்துக் கேம்ப் பக்கத்தில் சில பெண்கள் ஒரு சங்கம் நடத்தினார்கள். வருஷா வருஷம் நோட்டும் யூனிபார்ம் துணியும் கொடுப்பார்கள். அந்தத் துணியில் தைத்ததைப் போட்டுக்கொண்டு போனால் அது இலவசத் துணி என்று பள்ளிக்கூடத்துக்கே தெரியும். டிசம்பரில் பட்டாளத்துக் குடும்பங்களுக்காக வகுப்புக்கு உண்டியல் வரும். காசு போட்டால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு குட்டிக் கொடி. என் பெஞ்சுப் பையன் காசைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டு ரொட்டிக்குப் போட்டாச்சு" என்றான். வகுப்பே சிரித்தது. இனி எவர் கையிலும் வாங்குவதில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

அடுத்த மே மாதம் அந்தச் சங்கத்து அம்மா ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கையில் ஃபைல். இரும்புக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்தே இந்தியில் பொறுமையாகச் சொன்னார். ஹாஸ்டலோடு சேர்ந்த நல்ல பள்ளிக்கூடம். எனக்கும் அக்காவுக்கும் இடம் இருக்கிறது. படித்து முடிக்கிறவரை சங்கம் பார்த்துக்கொள்ளும், நன்றாகப் படித்தால் காலேஜுக்கும் அனுப்பும். அம்மா கையெழுத்துப் போட்டால் ஜூனில் சேர்ந்துவிடலாம்.

"இன்னாடா சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"நம்மள அனாதை ஆசிரமத்துல சேக்கச் சொல்றாங்கம்மா."

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். பிறகு, "எம் புள்ளைங்களுக்கு நான் இருக்கறன். வேணான்னு சொல்லு. மரியாதையா சொல்லு" என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னேன். இந்த மாசக் கடைசியில் நாங்கள் ஊரோடு போய்விடுகிறோம், அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். அவர் ஃபைலை மூடாமல் அக்காவைப் பார்த்தார். "நீயும் போகிறாயா, மகளே?"

அக்கா கதவோரம் நின்றிருந்தாள். காலையிலேயே சொம்பில் நெருப்புப் போட்டுப் பாவாடையைத் தேய்த்து உடுத்தியிருந்தாள். ஆறாவதில் அவள்தான் முதல் மார்க். அந்த அட்டையைக் காட்டுவதற்காக முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தாள். நான் இந்தியில் சொன்னதையும் கேட்டாள், தமிழில் சொன்னதையும் கேட்டாள். அவள் வாயைத் திறந்தால் அம்மா என்னை அடிக்கத் துடைப்பக்கட்டையை எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். என்னைப் பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அவரும் ஒரு வரி எழுதிக்கொண்டு, எங்கள் இரண்டு பேர் தலையையும் தடவிவிட்டுப் போனார். அதோடு சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

எட்டாவது முடித்ததும் அக்கா ஒரு மாத்திரை கம்பெனியில் பெட்டி மடிக்கப் போனாள். கல்யாணம் வரைக்கும் மடித்தாள். எண்பதுகளில் நான் முதல் ஒர்க்‌ஷாப் திறந்தபோது, பூஜை முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் என் கதையைச் சொன்னேன். எவர் கையிலும் வாங்காமல் வந்தவன் என்றேன். முன்வரிசையில் தேங்காய்த் தட்டோடு உட்கார்ந்திருந்த அக்கா, தட்டை மடியில் வைத்துவிட்டு எல்லோரையும் போலக் கை தட்டினாள்.

நான் மாற்றிச் சொன்னது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது, தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். அக்காவிடமாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஒருமுறை, "அந்த வெள்ளைப் புடவை அம்மா..." என்று ஆரம்பித்தேன். "சாப்புடு, ஆறிடும்" என்றாள். குனிந்து சாப்பிட்டேன். ஊரெல்லாம் பேசுகிற வாய் இது.

எங்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு ஒரு கால் குட்டை. எதை வைத்தாலும் ஆடும். அன்றைக்கு அந்த அம்மா போன பிறகு, அக்கா கையிலிருந்த அட்டையை நாலாக மடித்து, குனிந்து, அந்தக் காலுக்கு அடியில் சொருகினாள். சாயங்காலம் அம்மா தோசை ஊற்றினாள். ஸ்டவ் ஆடவில்லை. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு நான் நாலு தோசை தின்றேன்.