மாத்துக்கலர் நண்டு

நைனாவின் போன் எப்போதும் சூடாகவே இருக்கும். உருக்கு ஆலையில் காலை ஷிப்டு முடித்து மதியம் இரண்டரை மணிக்கு வீடு வந்து, சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து என் கையில் வைப்பார். வெயிலில் கிடந்த ஓட்டைத் தொட்டதுபோல அதன் முதுகு உள்ளங்கையில் சுடும். கண்ணாடியின் மேல் நைசான இரும்புத் தூசி செம்பழுப்பாகப் படிந்திருக்கும். என் சட்டை ஓரத்தால் துடைத்தால் துருக்கறை போலத் தங்கிவிடும். எட்டாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடை விடுமுறையில் என்னிடம் இருந்த எல்லாச் சட்டைகளிலும் அந்தக் கறை இருந்தது. அதற்காக அம்மாவிடம் வாங்கிய அடிகளை நான் எப்போதோ மறந்துவிட்டேன். மறக்காத வேறொன்று இருக்கிறது. அதை நினைத்தால் இருபத்து மூன்று வயதிலும் எனக்குக் காது மடல் சூடாகிறது.

அது ஜந்து பிடிக்கிற விளையாட்டு. எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகள் அதை "ஜந்தாட்டம்" என்போம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால், போனில் தெரியும் வரைபடத்திலும் நாம் நடப்போம். வழியில் திடீரென்று ஒரு தவளையோ பறவையோ பெயர் தெரியாத கொம்பு முளைத்த ஒன்றோ எதிரே வந்து நிற்கும். விரலால் வலையை வீசிப் பிடிக்க வேண்டும். வலை வேண்டுமென்றால் வரைபடத்தில் நிற்கும் நீலக் கம்பங்களுக்குப் பக்கத்தில் போக வேண்டும். சென்னையில் இருக்கிற பிள்ளைகளுக்கு நாலு அடிக்கு ஒரு கம்பம். எங்கள் கும்மிடிப்பூண்டிக்கு மொத்தம் மூன்று: ரயில் நிலையம், ஒரு கோயில், ஒரு சர்ச். தொழிற்பேட்டை இருக்கும் இடமோ வெறும் சாம்பல் நிறம். இத்தனை ஆலைகள், இத்தனை லாரிகள், இத்தனை ஆயிரம் பேர் வேலைக்குப் போய்வரும் ஓர் இடத்தை, எங்கேயோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அந்த வரைபடத்தைச் செய்தவர்கள் ஒன்றுமில்லாத பொட்டல் என்று நினைத்திருந்தார்கள். முதல் கோபம் அங்கேதான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

வலைகளுக்காக நாங்கள் தினமும் ரயில் நிலையம் வரை நடந்தோம். "நாங்கள்" என்றால் நானும் ஜெனிபரும். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவள் அம்மா மிளகாய் தாளித்தால் நாங்கள் இங்கே தும்முவோம். அவள் அப்பா ஒரு ரசாயனக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி, அவரிடம் இருந்தது பட்டன் போன். அதனால் நைனாவின் போனில் இரண்டு பேரும் ஒரே கணக்கில் ஆடினோம். ஆளுக்கு ஒரு வீச்சு என்பது சட்டம். வீசுவதில் அவள்தான் கெட்டிக்காரி. நான் பதறுவேன், அவள் மூச்சை அடக்கிக்கொண்டு வீசுவாள்.

அந்த ஜந்துகளுக்குச் சண்டை போடும் பலம் உண்டு, அதற்கு எண்கள் உண்டு, வளர்ந்து வேறு உருவம் எடுப்பதும் உண்டு. எங்களுக்கு அதில் அக்கறை இல்லை. எங்களை மயக்கியவை எதற்கும் உதவாத விஷயங்கள். ஒரு ஆந்தைக்குக் கம்பளிக் குல்லாய் போடலாம், அதனால் அதற்கு ஒரு துளி பலமும் கூடாது. ஒரு பல்லி எப்போதும் திரைக்கு முதுகு காட்டியே நிற்கும். வானிலைக்குத் தகுந்தபடி வேறு வேறு ஜந்துகள் வரும் அந்த ஆட்டத்தில், சுட்டெரிக்கும் மே மாதத்தில்கூட எங்கள் ஊருக்கு மட்டும் அடிக்கடி மூடுபனி என்று காட்டும். ஆலைப் புகையைப் பார்த்து அது ஏமாந்துவிடுகிறது என்று நாங்கள் உறுதியாக நம்பினோம். எல்லாவற்றுக்கும் மேலாக "மாத்துக்கலர்" என்று ஒன்று இருந்தது: எல்லாரிடமும் பச்சையாக இருக்கும் ஜந்து, ஆயிரத்தில் ஒருவருக்கு வேறு நிறத்தில் வரும். நிறத்தைத் தவிர வேறு வித்தியாசமே கிடையாது. "கலரு சோறு போடுமா?" என்று அம்மா கேட்பாள். போடாதுதான். எங்கள் லைன் வீட்டில் சோறு போடாத எதையும் யாரும் வைத்துக்கொண்டதில்லை. அதனால்தான் அது எங்களுக்கு அத்தனை பெரிதாக இருந்தது.

அந்த நண்டு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பேட்டைக்குப் பின்னால் ஒரு கம்பெனிக் கால்வாய் போகும். அந்தப் பக்கம் போகாதே என்று எல்லார் வீட்டிலும் சொல்லியிருந்ததால் எல்லாரும் போவோம். போன் அதிர்ந்தது. பார்த்தால் நண்டு. சாதாரணமாகச் செங்கல் நிறத்தில் இருக்க வேண்டியது, நாவல் பழ ஊதாவில் இருந்தது. எங்களிடம் இருந்தவை மூன்றே வலைகள். முதலாவதை நான் வீசினேன், போய்விட்டது. இரண்டாவதை ஜெனிபர் வீச, நண்டு உதறிக்கொண்டு வெளியே வந்தது. மூன்றாவது என் முறை.

"நீயே போடு," என்று போனை அவளிடம் கொடுத்தேன்.

அவள் சுடிதாரில் கையைத் துடைத்துக்கொண்டு வீசினாள். வலை மூன்று முறை ஆடி, நண்டு உள்ளே இருக்க, நின்றது. நாங்கள் கத்தவில்லை. கத்தினால் ஓடிவிடுமோ என்று பயந்தவர்கள்போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

விரலால் தொட்டால் மற்ற நண்டுகள் கொடுக்கைத் தூக்கும். எங்களுடையது மூன்று முறை தொட்டதும் கோபித்துக்கொண்டதுபோல முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிடும். "சரியான பேஜாருடி இது," என்றாள் ஜெனிபர். தொல்லை என்று பொருள்படும் அந்தச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. மறுநாள் முதல் எங்கள் லைனில் மட்டுமல்ல, அடுத்த தெருவிலிருந்தும் பிள்ளைகள் பேஜாரைப் பார்க்க வந்தார்கள். ஆளுக்கு மூன்று தொடல், அதற்கு மேல் கிடையாது என்று ஜெனிபர் வரிசையில் நிறுத்திக் காட்டினாள். எங்களைத் தேடி யாராவது வந்தது அதுதான் முதல் தடவை.

செய்தி மீஞ்சூரில் இருந்த அத்தை வீடு வரை போயிற்று. அத்தை மகன் தினேஷ் அப்போது சென்னையில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தார். முறைப்படி நான் "மாமா" என்று கூப்பிட வேண்டும். அவரும் ஜந்தாட்டக்காரர், காலேஜில் அதற்கென்று ஒரு கூட்டமே வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர், பேஜாரை வெகுநேரம் பார்த்தார். அடுத்த வாரம் சென்னைக் கடற்கரையில் அந்த விளையாட்டுக்கு ஒரு விழா. நேரில் வருகிறவர்கள் தங்கள் ஜந்து ஒன்றுக்குத் தங்கக் கிரீடம் வைத்துக்கொள்ளலாம். அன்று ஒரு நாள்தான், அங்கே மட்டும்தான்.

"உன்ன அங்கெல்லாம் மாமா உடமாட்டாரு," என்றார், என் நைனாவைச் சொல்லி. "எனக்கு மாத்தி உடு. கிரீடம் வச்சு, மறுநாளே திருப்பிக் குடுத்துடுறேன்."

ஜெனிபர் ஊரில் இல்லை. சித்தி வீட்டுக்குப் போயிருந்தவள் அடுத்த நாள்தான் வருவாள். காத்திருந்திருக்கலாம். ஆனால் கிரீடத்தோடு பேஜாரைக் காட்டி அவளைத் திகைக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. நான் தமிழ் வழியில் படித்தவள். "இன்னா மாமா போட்டுக்குது?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மா. ஓகே குடு," என்றார். கொடுத்தேன். ஊதா நண்டு எங்கள் போனிலிருந்து நகர்ந்து அவர் போனுக்குள் போயிற்று. பதிலுக்கு ஒரு வெட்டுக்கிளி வந்தது.

ஜெனிபர் திரும்பி வந்தபின், வேறொரு ஜந்தை மாற்றுவதுபோலத் தொட்டு அந்த நாலு வரியை மறுபடி வரவழைத்து, சர்ச்சில் ஒரு சிஸ்டரிடம் பொருள் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு முறை கைமாறிய ஜந்து மறுபடி கைமாறாது. அவள் என்னைத் திட்டவில்லை. விழா முடிந்த மறுநாள், "வா, போய்க் கேக்கலாம்," என்றாள். அத்தை வீட்டுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் உண்மையைத்தான் சொன்னோம். எதற்கு என்று சொல்லவில்லை. மின்சார ரயிலில் மீஞ்சூர் வரை அவள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

தினேஷ் மாமா கட்டிலில் சாய்ந்துகொண்டு போனை எங்கள் பக்கம் திருப்பினார். பேஜாரின் தலையில் கிரீடம் கோணலாக உட்கார்ந்து ஒரு கண்ணை மறைத்தது. பெயரை ஆங்கிலத்தில் ஊதா ராஜா என்று மாற்றியிருந்தார். அதன் படத்தைத் தன் சமூக வலைதளப் பக்கத்தில் போட்டு, நூற்றுக்கணக்கானோர் பாராட்டியதையும் காட்டினார்.

"அண்ணா, திரும்பக் குடுக்க முடியாதுன்னு வாங்கறப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ஜெனிபர்.

"அதான் எழுதிக்குதே. படிச்சுட்டுத்தான் அமுக்கணும்."

"இங்கிலீஷ்ல எழுதிக்குது."

"அப்ப இங்கிலீஷ் கத்துக்கோ."

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிப்பு அடங்கும் வரை ஜெனிபர் காத்திருந்தாள்.

"பேரையாவது மாத்திடுங்க. அதோட பேரு பேஜாரு."

"கிரீடம் வச்சதுக்குப் பேஜாருன்னு பேரா?"

"கிரீடம் வச்சது இனிமே பெருசாவாது," என்றாள் அவள், அதே குரலில். "குல்லாய், கிரீடம் எது வச்சாலும் அதோட வளர்ச்சி நின்னுடும், அடுத்த உருவம் எடுக்காது. உங்களுக்குத் தெரியாதா? எங்கிட்ட கேட்டிருந்தீங்கன்னா தமிழ்லயே சொல்லியிருப்பேன்."

அவர் முகம் மாறியது. அதற்குள் அத்தை தட்டில் பஜ்ஜியோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா ரயிலேறி வந்தீங்க? நாளைக்கு இவன்தான உன்னக் கட்டிக்கப் போறான். அவங்கிட்ட இருந்தா இன்னா, உங்கிட்ட இருந்தா இன்னா?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பஜ்ஜியைத் தின்றேன். ஆம், தின்றேன். ஜெனிபர் தொடவில்லை.

திரும்பும் ரயிலில், பொன்னேரி தாண்டியதும் அவள் ஒரே ஒரு தடவை பேசினாள். "அந்த அண்ணன் ஏமாத்துனாரு, சரி. நீ ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

நான் கும்மிடிப்பூண்டி வரும் வரை ரயில் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் நைனாவோடு போன் வீடு வந்ததும் அவளே வந்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். லைன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சமாதானத்துக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் எங்கள் ஜந்துகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். "இது நீ புடிச்சது" என்று சொல்லி விட்டுவிடுவாள். "இது நான் புடிச்சது" என்றால் ஓரத்தில் இருக்கும் பொத்தானை அமுக்கி வெளியேற்றுவாள். நிச்சயமாகவா என்று திரை கேட்கும். பச்சையை அமுக்குவாள். அது ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடும். குல்லாய் போட்ட ஆந்தை போயிற்று. முதுகு காட்டும் பல்லி போயிற்று. அவள்தான் நன்றாக வீசுகிறவள் அல்லவா, முக்கால்வாசி அவள் பிடித்தவையே. வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தேன், விடுவித்துக்கொண்டு தொடர்ந்தாள். முடித்ததும் போனைத் துடைத்து என் மடியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

நான் அழுததைப் பார்த்த பெரியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். "இல்லாத நண்டுக்கு இம்மாம் பஞ்சாயத்தா?" என்றாள் அம்மா. நைனா, "கலருதான, உடு," என்றார். உண்மையான நண்டாக இருந்து தினேஷ் மாமா தூக்கிக்கொண்டு போயிருந்தால் திருட்டு என்றிருப்பார்கள். போனுக்குள் இருந்ததால் அது வேடிக்கையாகிவிட்டது. நாலு வரியை மறைத்து ஒரு பெரிய ஆள் ஒரு சிறுமியை ஏமாற்றியதை ஒரு வாய்கூட ஏமாற்று என்று சொல்லவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பே ஜெனிபரின் அப்பாவுக்கு ஒப்பந்தம் முடிந்தது. அவர்கள் ஒரு சின்ன வேனில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் பக்கம் போனார்கள். நான் வாசலில் நின்றேன். அவள் அம்மா கையசைத்தாள்.

இப்போது நான் அதே பேட்டையில் ஒரு கம்பெனியின் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. ஜந்தாட்டமும் இல்லை. கம்பெனிக்காரர்கள் ஓர் அறிவிப்பைப் போட்டு அதை மூடிவிட்டார்கள். உன்னுடையது, உன்னுடையது என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிக் கொடுத்த அத்தனையையும் ஒரே நாளில் துடைத்துவிட்டு, நன்றி என்று ஒரு வார்த்தை எழுதினார்கள். ஜெனிபரைப் பல பெயர்களில், பல எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்தில், பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த தினேஷ் மாமா, தன் மனைவியிடம் என்னைக் காட்டி, "சின்ன வயசுல ஒரு நண்டுக்காக இவ அழுதுகினு மீஞ்சூர் வரைக்கும் வந்தா பாரு," என்று ஆரம்பித்தார். சுற்றியிருந்தவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். நான் இலையை மூடினேன்.

"நான் அழுதுகினு வரல. நீங்க ஏமாத்துனீங்க. பதிமூணு வயசுப் புள்ளைங்கள ஏமாத்தி வாங்கி, இங்கிலீஷ் கத்துக்கோன்னு சொன்னீங்க. அத முழுசாச் சொல்லுங்க, அப்புறம் எல்லாரும் சிரிக்கலாம்."

அம்மா என் முழங்கையை இடித்து, "பத்து வருசம் கழிச்சு இப்ப இன்னாத்துக்குடி?" என்றாள். "அப்பவே நீங்க யாராவது கேட்டிருந்தா இப்ப நான் கேக்க வேண்டியதில்ல," என்று எழுந்து கை கழுவப் போனேன்.

மறுநாள் காலை அவரிடமிருந்து செய்தி வந்தது. மனசு கஷ்டப்பட்டிருந்தால் மன்னித்துக்கொள் என்று தமிழில் எழுதியிருந்தார். நல்ல மனிதராகிவிட்டார் போலும். நான் பதில் எழுதினேன்: "எங்கிட்ட கேக்காதீங்க. ஜெனிபர்கிட்ட கேக்கணும்."

சற்று நேரம் கழித்து அவர் கேட்டார்: "ஜெனிபரா? அது யாரு?"