சென்னியம்மாளின் ஒற்றைப் புள்ளி

கணபதிப் பகுதியில் ஒரு பேச்சு கிளம்பியது. சுகாதார அலுவலகத்துக்காக வீடுவீடாகக் காய்ச்சல் விசாரிக்கிற சென்னியம்மாள், தன்னையும் யாராவது வந்து விசாரிக்கட்டும் என்று தன் வீட்டின்மேலேயே சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டாராம். சொன்னவர்கள் எல்லோரும் “நான் சொன்னதா இருக்க வேண்டாமுங்க” என்றார்கள். ஆகவே யார் சொன்னது என்பதை விட்டுவிட்டு, புள்ளியை மட்டும் விசாரித்தேன்.

புள்ளி இருந்தது. சுகாதார அலுவலகக் கணினியில் நகரத்தின் வரைபடம். எலிக்காய்ச்சல் உறுதியான ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் கால் வைத்தால் வருகிற காய்ச்சல் அது. ஒரு சந்தில் இரண்டு புள்ளி விழுந்தால் சாக்கடை அள்ளவும் எலி பிடிக்கவும் ஆள் வரும். ஒற்றைப் புள்ளிக்கு வராது. சென்னியம்மாள் குடியிருக்கும் லேத் பட்டறைச் சந்தில், மனிதர்களைவிடச் சாக்கடை தாராளமாக நடமாடும் அந்தச் சந்தில், அவருடையது மட்டும்தான்.

ரத்தப் பரிசோதனை முடிவை அவரே எடுத்துக் காட்டினார். காய்ச்சல் நிஜம். வதந்தி அத்தோடு செத்திருக்க வேண்டும். ஆனால் செத்த வதந்தியை எடுத்து அடக்கம் செய்ய யாரும் வருவதில்லை.

சென்னியம்மாளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. பிறந்த ஊரில் இருந்த வீட்டை அண்ணன்மார் விற்றுவிட்டார்கள். ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார்.

“நீங்க காச்சல்ல கெடந்தது சந்துல ஒருத்தருக்குமா தெரியலீங்க?”

“யாருங்க கேப்பாங்க? இந்தப் பக்கத்துக்கே கேக்கற ஆளு நாந்தானுங்களே!” என்று சிரித்தார்.

பிறகு அலமாரியைக் காட்டினார். அதில் ஒரு சின்னத் தூக்குப்போசி. காய்ச்சல் முற்றியிருந்த நாளில் ஒரு காலை, கதவுக் கொண்டியில் அது தொங்கியதாம். உள்ளே சூடாக அரிசிக் கஞ்சி. தட்டிய சத்தம் கேட்கவில்லை.

அந்தச் சந்தில் வேறு யாருக்கும் காய்ச்சல் வரவில்லையா? வந்தது. ஆனால் நம் பக்கத்து ஆட்கள் உடம்பு சுட்டால் அறையைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அம்மா கை ரசம் அங்கேதான் கிடைக்கும். ரத்தமும் அங்கேதான் எடுப்பார்கள். புள்ளியும் அங்கேயே விழும். கணபதி எலிக்கு அந்தியூரில் புள்ளி. அந்தியூர்ச் சந்தைக் குதிரைகள்தான் நோயைக் கொண்டுவந்தன என்று யாராவது ஓர் அறிஞர் நிரூபித்துவிடும் அபாயமும் இருந்தது. போக ஊர் இல்லாத ஒரே ஆள்தான் நோய் வந்த இடத்திலேயே கணக்கில் ஏறினார்.

படத்துக்குப் பொறுப்பான கிருபாசங்கருக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. “இன்னொருத்தரக் காட்டுங்க்கா. காச்சல் இங்கதான் வந்துச்சுன்னு அவரே சொன்னா, புள்ளிய மாத்திப்போடறேன்” என்றார் சென்னியம்மாளிடம்.

சென்னியம்மாளுக்கு எதிர் அறை மனோஜ்குமார் ஞாபகம் வந்தது. லேத் ஓட்டுகிற பையன். அதே வாரம் காய்ச்சலோடு சொந்த ஊரான சோமனூர் போனவன். போசியும் அவனுடையதாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டார். அதைத் துலக்கி, வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று சர்க்கரை நிரப்பி, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார். நானும் போனேன்.

தறிச் சத்தத்துக்கு மேல் குரலெடுத்து, “வாங்க அம்மணி, உக்காருங்க” என்றார் அவன் அம்மா பொன்னாத்தாள். மனோஜ்குமார் இளைத்திருந்தான்.

“கண்ணு, காச்சல் எங்க வெச்சு வந்துச்சு?” என்று கேட்டார் சென்னியம்மாள்.

“ரூம்லயேதானுங்க. ரெண்டு நாள் கெடந்து பாத்தேன். முடியல, இங்க வந்துபோட்டேன். இங்கதான் ரத்தம் எடுத்து எலிக்காச்சல்னாங்க.”

போனில் கிருபாசங்கரிடமும் அதையே சொன்னான். சந்துக்கு இரண்டாவது புள்ளி கிடைத்தது. வந்த வேலை முடிந்தது. ஆனால் சென்னியம்மாள் எழுந்திருக்கவில்லை. போசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இது உம்படதுதான கண்ணு?”

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எம்படது இல்லீங்களே. உங்களுக்குக் காச்சலுங்கறதே இப்பத்தானுங்க தெரியுது. கதவு சாத்தியே கெடந்துதா, எங்கியோ ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“எனக்கு எந்த ஊரு கண்ணு?” என்றார் சென்னியம்மாள். தறி ஓடிக்கொண்டிருந்தது.

பொன்னாத்தாள்தான் பேச்சை மாற்றினார். “அதுக்கென்னுங்க, சக்கரைய இங்கயே கொட்டிப்போட்டுப் போங்க. சுமக்கோணுமா?”

“இல்லீங்க. இது இன்னொருத்தருக்குச் சேர வேண்டியது.” மூடியை அழுத்தி மூடினார்.

சந்துக்கு ஆட்கள் வந்தார்கள். சாக்கடை அள்ளினார்கள், எலிப்பெட்டி நிறைந்தது. அந்த அம்மாள் புள்ளி வைத்தால் காரியம் நடக்கும் என்று இப்போது புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. அதை விசாரிக்க எனக்குத் தெம்பில்லை.

சென்னியம்மாள் வழக்கம்போல் வாசல் வாசலாக நிற்கிறார். “ஏனுங்க, ஊட்டுல யாருக்காச்சும் காச்சலுங்களா?” இல்லை என்றதும் பையிலிருந்து போசியை எடுக்கிறார். “இது உங்களதுங்களா?” வாங்கிப் பார்க்கிறார்கள், பெயர் வெட்டியிருக்கிறதா என்று அடியைத் திருப்புகிறார்கள், இல்லை என்று திருப்பித் தருகிறார்கள். எறும்பு ஏறினால் அவர் சர்க்கரையை மாற்றிக்கொள்கிறார்.