அண்ணாச்சி புதுசாக்கிக் கொடுத்த பழைய போஸ்டர்

தாராவியில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் முருகேசன் அண்ணாச்சி நேற்று ஒரு போட்டோ அனுப்பினார். கறுப்பு வெள்ளைக் காலத்துத் தமிழ்ப் படம் ஒன்றின் அசல் போஸ்டர். அந்தப் படத்தின் பிரதிகூட இன்று எங்கும் கிடையாது.

இன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஓடினேன்.

அண்ணாச்சி சிரித்த முகத்தோடு போஸ்டரை நீட்டினார். பளபளவென்று மின்னியது.

"என்ன அண்ணாச்சி இது?"

"லேமினேஷன் தம்பி. ஆசைப்பட்டுக் கேட்டியள்லா, மழையில நனைஞ்சிரக் கூடாதுன்னு நானே போட்டுட்டேன்."

கீழே அச்சகத்தின் பெயரைக் காணோம். அசல் என்பதற்கு அந்தப் பெயர்தான் அடையாளம்.

"அந்த ஓரம் கிழிஞ்சி கெடந்துச்சு. வெட்டிட்டேன். இப்பம் பாருங்க, ஏக்தம் புதுசு, புத்தம் புதுசு!"

அழுவதா கத்துவதா தெரியவில்லை. இவ்வளவு பிரியமாகச் செய்தவரிடம் எப்படிக் கோபப்படுவது? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது, "இன்னும் ரெண்டு கெடக்கு தம்பி. அதையும் போட்டு வச்சிருதேன்" என்றார்.

"தொடாதீங்க அண்ணாச்சி!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

லேமினேஷனைப் பிரிக்க யாருக்காவது வழி தெரியுமா? இஸ்திரிப் பெட்டி என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை அண்ணாச்சியே சொல்லிவிட்டார்.