சபை ஒத்திவைப்பும் நாலு மைல் நடையும்

ஒரே கேள்விக்கு ஒரு நாளில் நாற்பது தடவை பதில் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். எம்.எல்.ஏ. ஆபீசில் வேலை என்றால் “அவர் எப்ப வருவார்?” என்பதற்குப் பதில் சொல்வதுதான் வேலை, மனு எழுதுவது, போன் எடுப்பது எல்லாம் நடுநடுவே.

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை வேலைக்கு வைத்தார். எட்டு மாதக் குழந்தைக்கு மேஜை பக்கத்திலேயே தூளி கட்டிக்கொண்டேன். மேஜையில் அவர் மறந்துவிட்டுப் போன சட்டசபை விதிப்புத்தகம் கிடந்தது. ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே அதைப் படித்ததில், சபை எத்தனை விதமாக எழுந்து போகலாம் என்பது எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

நான் எழுதிய மனுக்களில் செல்லம்மா அக்காவின் மனுதான் மனசில் நின்றது. கூலி வேலைக்குப் போகிறவர். அவர் ஊருக்கு பஸ் இல்லை. ஹைஸ்கூல் நாலு மைல். மகள் தமிழரசி ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகவேண்டும். “வயசுக்கு வந்த புள்ள தனியா நடக்க வேணாம். பஸ் வந்தா படிக்கட்டும், இல்லாட்டி கடலைக்குக் களையெடுக்க வரட்டும்” என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மாசியில் மனு வந்தது. எம்.எல்.ஏ.வும் இந்த பஸ் பற்றி மந்திரியிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி எழுதி சபையில் கொடுத்துவிட்டார். இனி அது வரிசையில் வரவேண்டியதுதான்.

திங்கட்கிழமைக்கு ஒத்திவைப்பு

அரியலூர் ரோட்டுக் கிராமத்து விவசாயி ஒருவர் சிமெண்டு பர்மிட்டுக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தார். ஊருக்குப் பக்கத்திலேயே சிமெண்டு ஆலை, புகை முழுக்க இவர் வீட்டுக் கூரையில். ஆனால் நாலு மூட்டை வாங்கக் காகிதம் வேண்டும். “சபையைத் திங்கட்கிழமைக்கு ஒத்திவச்சிருக்காங்க, அன்னிக்கு மறுபடி மெட்ராஸ் போயிடுவார், அதுக்கு முன்ன ஞாயித்துக்கெழமயே வாங்க” என்றேன்.

வரப்புத் தகராறுக்காகப் பன்னிரண்டு வருஷமாகக் கோர்ட்டுக்கு நடப்பவர் அவர். ஒத்திவைப்பு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: “வாய்தா சங்கதி எனக்குத் தெரியாததா ஆயி? சபாநாயகருக்குக் குமாஸ்தா யாருன்னு மட்டும் சொல்லு, ரெண்டு பூசணிக்காயோட போய்ப் பாத்து இன்னொரு வாரத்துக்கு வாய்தா வாங்கிட்டு வந்துடறேன்.”

தேதியே இல்லாத ஒத்திவைப்பு

சித்திரையில் ஒரு நாள் ரேடியோ செய்தியில் சொன்னார்கள்: சபை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. தமிழரசி கேள்விக்கு இன்னும் முறை வரவில்லை. செல்லம்மா அக்கா களைவெட்டியோடு நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார்.

“பயப்படாதீங்கக்கா, கேள்வி உசுரோடதான் இருக்கு. சபாநாயகர் நெனச்சா நாளைக்கேகூடச் சபையைக் கூட்டலாம், விதியில இருக்கு” என்று புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். எழுத்துத் தெரியாதவர், ஆனாலும் பக்கத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: “எங்க வூட்டு ஆட்டுக்குட்டிய விக்கறதுக்கே நாங்க நாள் பாக்கறோம். அம்மாம் பெரிய எடத்துல தேதி குறிக்க ஒரு சோசியர்கூடவா இல்ல?”

முடித்துவைப்பு

வைகாசியில் கவர்னர் அந்தக் கூட்டத்தொடரையே முடித்துவைத்துவிட்டார். அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினேன். முடித்துவைத்தால், பதில் வராமல் நிற்கிற கேள்விகள் எல்லாம் காலாவதி. அடுத்த தொடரில் புதிதாகக் கொடுக்கவேண்டும். அடுத்த தொடர் எப்போது? அதற்கும் தேதி இல்லை. பள்ளிக்கூடம் திறக்கவோ பத்தே நாள்.

குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னேன். செல்லம்மா அக்கா அழவில்லை, கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்: “யாருமே இன்னும் கேக்காத கேள்வி எப்புடிம்மா செத்துப்போச்சு?”

விதியில் இல்லாத இடைவேளை

ஆடி பிறப்பதற்குள் அந்த ஊருக்கு பஸ் வந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படி வந்தது என்பதுதான் கதை.

பள்ளிக்கூடம் திறந்ததும் செல்லம்மா அக்கா கூலியை விட்டுவிட்டு மகளோடு தினமும் நடந்தார். “இந்த மாசம் முடியட்டும், அப்புறம் நிறுத்திடுவேன்” என்று அவள் அப்பா கெடு வைத்திருந்தார். எம்.எல்.ஏ.வோ சபை இல்லாததால் ஊரில் சும்மாதான் இருந்தார். “அடுத்த தொடர்ல முதல் கேள்வியே அதுதாம்மா” என்றார்.

“சரிண்ணே. அதுக்குள்ள ஒரு நாள் காலையில அந்தப் புள்ளையோட பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ப் பாருங்களேன்” என்றேன்.

“அதுக்கென்ன, ஜீப்ப எடுக்கச் சொல்லு.”

“ஜீப்புல போனா தூரம் எப்படிண்ணே தெரியும்?”

நல்ல மனுஷன்; சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். மறுநாள் காலை தமிழரசி முன்னால், எம்.எல்.ஏ. நடுவில், பின்னால் செல்லம்மா அக்காவும் இடுப்பில் குழந்தையோடு நானும். முதல் மைல் வரைக்கும் தொகுதி நிலவரம் பேசினார். இரண்டாவது மைலில் பேச்சு நின்றது. மூன்றாவது மைலில் ஒரு மதகுக் கட்டையைப் பார்த்ததும் தொப்பென்று உட்கார்ந்து, துண்டால் விசிறிக்கொண்டு, “சபை பதினஞ்சு நிமிஷம் ஒத்திவைக்கப்படுகிறது” என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். தமிழரசி சிரிக்கவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் இருக்கிற திசையையே பார்த்தபடி நின்றாள்.

அன்று மத்தியானமே எம்.எல்.ஏ. பஸ் ஆபீசுக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதி, அதைத் தானே கொண்டுபோயும் கொடுத்தார். அந்த விதிப்புத்தகம் முழுக்கப் படித்தவள் சொல்கிறேன், மந்திரிக்கு எழுதின கேள்வியைவிட, மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தவரிடம் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டுக்கொண்டதற்குத்தான் பலம் அதிகம்: “ஐயா, கொஞ்சம் எந்திரிச்சு வெரசா நடங்க, மணி அடிச்சிடுவாங்க.”